ஹேல்டேனின் ஜோடி

கிளார்க் பெயர் வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். இனி ஒன்றும் செய்வதற்கில்லை, ஆரம்பித்த வாசிப்பை யாரும் நடுவில் நிறுத்த மாட்டார்கள், ஏ எழுத்துக்காரர்கள் ஒவ்வொருவராகக் கையைத் தூக்கி ஆம் என்றும் இல்லை என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்கள், செனட்டர் எபனேசர் யேசுவடியான் தன் மேஜையின் இழுப்பறைக்குள் கையை விட்டபடி உட்கார்ந்திருந்தார். வயசு எழுபத்தொன்பது. அந்தச் சபையில் முப்பது வருஷம். பாளையங்கோட்டையில் பிறந்து, மெட்ராஸில் மாட்டு வைத்தியம் படித்து, மேல்படிப்புக்கென்று அமெரிக்கா வந்த ஆள், பனியும் கோதுமையும் தவிர வேறொன்றும் இல்லாத ஒரு சமவெளி மாநிலத்தில் தங்கிவிட்டார், அங்கே பாதி விவசாயிகளின் பசுக்களுக்குள் தோள்வரை கைவிட்டுக் கன்று எடுத்தவர், அந்தக் கைக்காகவே ஓட்டுப் போட்டார்கள், கட்சியாவது கொள்கையாவது. பேச்சு, யோசனை, கனவு எல்லாம் ஆங்கிலமாகி எத்தனையோ காலமாயிற்று. பயம் மட்டும் அவருக்கு இன்னும் தமிழில்தான் வரும். இப்போது வந்துகொண்டிருந்தது. ஒய் எழுத்து, கடைசிப் பெயர், தனக்குப் பிறகு ஒருவரும் இல்லை. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், சார் மற்ற எல்லாரையும் வாசித்து முடித்து ரிஜிஸ்டரை மூடப்போகிற நேரத்தில்தான் இவன் பெயர் வரும், மூடிவிட்டால் என்ன செய்வது, வந்தும் வராதவன் ஆகிவிடுவேனே என்று காலையிலிருந்தே பயப்படுவான். இன்றைக்கு நேர்மாறு. மூடிவிட்டால் தேவலை. தன் பெயர் வருவதற்குள் இந்தக் கட்டடத்தின் கூரை இறங்கிவிட்டால்கூடத் தேவலை. பி வந்துவிட்டது. அவர் விரல், இழுப்பறையின் அடிப்பலகையில் செதுக்கியிருந்த பெயர்களைத் தடவிக்கொண்டிருந்தது. அந்த மேஜையில் உட்கார்ந்தவர்கள் போகும்போது கத்தியால் பெயரைக் கீறிவிட்டுப் போவது அங்கே வழக்கம், அத்தனையும் செத்தவர்களின் பெயர், இவர் இன்னும் கீறவில்லை, கீறினால் போய்ச் சேர்ந்துவிடுவோமோ என்று ஒரு இது. எப்சிபாள் சிரிப்பாள். காலையில் போனில்கூட, இந்தா பாருங்க, மாத்திரை போட்டியளா, ஜெபம் பண்ணிக்கிட்டுப் போங்க, இன்னைக்கு நம்ம மசோதால்லா, என்றாள். நம்ம மசோதா. ஐம்பது வருஷமாகப் பெண்டாட்டி, இவருடைய எல்லாமே அவளுக்கு நம்மதான்.

மசோதா ஜெயிக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கட்சித் தலைவர் க்ராஃப்ட் காலையில் தாழ்வாரத்தில் இவர் தோளைத் தட்டி, "எப், ஐம்பது நம்ம பக்கம், நாற்பத்தொன்பது அவங்க பக்கம், ஹேல்டேன் ஆஸ்பத்திரியில. இனி உங்க மசோதாவை யாராலும் தொட முடியாது" என்றார். அந்த ஐம்பதில் ஒன்று இவர். க்ராஃப்ட்டுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது, அதை அப்போதே சொல்லியிருக்கலாம், வாய் திறந்தது, திறந்த வாய் "தேங்க்ஸ்" என்றது. ஏன் சொல்லவில்லை? அந்தச் சபையில் ஜோடி என்று ஒரு வழக்கம் உண்டு, பழைய ஆட்களோடு போய்க்கொண்டிருக்கிற வழக்கம். உடம்புக்கு முடியாமல் ஒருவர் வர முடியவில்லை என்றால் எதிர்த்தரப்பில் ஒருவர் அவருக்கு வார்த்தை கொடுப்பார், நீ வரவில்லை என்றால் நானும் போட மாட்டேன், உன் இல்லைக்கு என் ஆம் சரியாகிவிடும் என்று. எழுத்து கிடையாது, கையெழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. வாய் வார்த்தைதான். அதை மீறியவன் பெயர் அந்தக் கட்டடத்தில் அடுத்த நாள் எடுபடாது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு கிடந்த வால்ட் ஹேல்டேன், "டாக்டர், எனக்கு ஒரு ஜோடி வேணும்" என்றார். எத்தனையோ பேர் டாக்டர் என்று கேலியாகக் கூப்பிட்டிருக்கிறார்கள், கேலி இல்லாமல் கூப்பிட்ட ஒரே ஆள் வால்ட். "எதுக்கு, எந்த ஓட்டுக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். பச்சைப் பிள்ளைகூடக் கேட்கும். முப்பது வருஷ செனட்டர் கேட்கவில்லை. "நீ திரும்பி வர்ற வரைக்கும் எல்லாத்துக்கும்" என்று சொல்லிவிட்டார், கண்ணில் தண்ணீர் வேறு. பத்து நாள் கழித்து இவருடைய மசோதா தேதி குறித்து வந்தது. இன்றைக்கு விட்டால் அடுத்த வாரம் நம் பக்கத்து ஆள் ஒருவர் மாறிவிடுவார், அது சபைக்கே தெரிந்த விஷயம். இவர் போடாவிட்டால் இரண்டு பக்கமும் சமம், சமம் என்றால் தோல்வி, தலைமை நாற்காலியில் உட்கார்ந்து சமத்தை உடைக்க வேண்டியவர் எதிர்க்கட்சிக்காரர். சரி, இதெல்லாம் தெரியும்தானே, க்ராஃப்ட்டிடம் ஏன் சொல்லவில்லை? சி போய் டி ஆகிவிட்டது. ஏன் சொல்லவில்லை? வால்ட் தேறி வந்துவிடுவார் என்ற நம்பிக்கையில் என்று காலையில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பொய். அண்டப்புளுகு. விடிந்ததும் வால்ட்டின் மகள் நோரா கூப்பிட்டிருந்தாள், "எப் அங்கிள், மத்தியானம் தாண்டாதுன்னு டாக்டர்கள் சொல்றாங்க" என்று அழுதாள். அதைக் கேட்டபோது இவருக்கு நெஞ்சு பதறியது நிஜம். பதறிய நெஞ்சுக்கு அடியில் இன்னொன்று, ஓரமாக, சத்தம் காட்டாமல், கணக்குப் போட்டதும் நிஜம். ஒரு ஜோடியில் ஒருவர் போய்விட்டால் அப்புறம் ஜோடி ஏது.

ஜி. ஜியில் நான்கு பேர். அடுத்து எச். கிளார்க் தாளைப் புரட்டும் சத்தம் இங்கே கேட்டது, நிஜமாகக் கேட்டதா இவருக்குத்தான் கேட்டதா தெரியவில்லை. "மிஸ்டர் ஹேல்டேன்" என்றாள். யாரும் பேசவில்லை. வராதவர் பெயரையும் வாசித்தாக வேண்டும், அது முறை, வாசித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவாள், ஆனாலும் நடுவில் ஒரு மூச்சு விடுகிற நேரம் உண்டு, அந்த மூச்சு நேரத்தில் யேசுவடியானின் கண் வாசல் பக்கம் போயிற்று. வெளியே தாழ்வாரத்தில் அவருடைய உதவியாளர் கேரன் இருந்தாள், அவள் கையில் போன், சபைக்குள் போன் கூடாது. நோரா கூப்பிட்டால் உடனே வாசலில் வந்து நில் என்று சொல்லியிருந்தார். "எதுவா இருந்தாலுமா?" என்று கேரன் கேட்டாள். "எதுவா இருந்தாலும்." ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள், இருபது வருஷமாக அவரிடம் வேலை பார்க்கிறவள், என்ன புரிந்ததோ. புரிந்திருக்கக் கூடாது. புரிவதற்கு என்ன இருக்கிறது, நண்பனுக்கு உடம்பு சரியில்லை, சேதி கேட்கிறான், அவ்வளவுதானே? வாசலில் யாரும் இல்லை. ஐயோ, இன்னும் வரவில்லையே என்று மனசு சொன்னது. என்ன சொன்னாய்? ஒன்றும் சொல்லவில்லை. சொன்னாய். வால்ட்டுக்கு ஒருதரம் இதே சங்கடம் வந்தது. எப்சிபாளுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்து ஆபரேஷனுக்கு இவர் ஊருக்கு ஓடிய வருஷம், வால்ட் தன் மலைநாட்டுக்கு அணை கேட்டுக் கொண்டுவந்த தீர்மானம், ஒரே ஒரு ஓட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. எழுந்து நின்று, நான் செனட்டர் யேசுவடியானோடு ஜோடி, அவர் இங்கே இருந்திருந்தால் இல்லை என்று போட்டிருப்பார், நான் போடக்கூடியவனாக இருந்தால் ஆம் என்று போட்டிருப்பேன், ஆகவே போடவில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார் வால்ட். அணை போயிற்று. அவர் ஊர்க்காரர்கள் அவர் வீட்டு வாசலில் கழுதை பொம்மையைக் கட்டித் தொங்கவிட்டார்கள். அடுத்த தேர்தலில் மயிரிழையில் தப்பித்தார். இத்தனைக்கும் எப்சிபாள் எப்படி இருக்கிறாள் என்பதைத் தவிர அவர் இவரிடம் வேறொன்றும் பேசியதில்லை, ஒரு நாள்கூட, ஒரு குத்தல்கூட. குத்தியிருந்தால் இன்றைக்கு எவ்வளவு சுலபம்.

ஜே, கே, எல் என்று ஓடிக்கொண்டிருந்தது, இவ்வளவு வேகமாகவா வாசிப்பார்கள், மற்ற நாளெல்லாம் கொட்டாவி வருமே. மேலே பார்வையாளர் மாடத்தில் நீலக் கோட்டுப் போட்ட ஒரு பெண் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள், ஹெய்டி, இவர் மாநிலத்துப் பெண், இன்றைக்கென்று பஸ் பிடித்து வந்திருக்கிறாள். அவளைப் பார்க்கக் கூடாது என்று இருந்தார், பார்த்துவிட்டார், அவள் லேசாகக் கையை அசைத்தாள். அவள் பிறந்தது இவர் கையில். கை என்றால் நிஜமான கையில். இவர் மாட்டு டாக்டராக இருந்த காலம், ஜனவரிப் பனி, அந்தத் தாலுகா ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டை லாபம் இல்லையென்று மூடியிருந்தார்கள், அடுத்த ஆஸ்பத்திரி மூன்று மணி நேரம், பாதி வழியில் ரோடு அடைத்துவிட்டது, ஒரு பையன், இருபது இருபத்தொரு வயசு இருக்கும், பிக்கப் வண்டியை இவர் வீட்டு வாசலில் நிறுத்திக் கதவைத் தட்டினான். டாக்டர்னு போர்டு போட்டிருக்கே என்றான். போர்டில் மாடு படம் போட்டிருந்தது, அவன் அதைப் பார்க்கவில்லை. வண்டிக்குள்ளே அவன் பெண்டாட்டி டெபி. குழந்தை வந்துவிட்டது, நன்றாகவே வந்தது, அலறியது. ரத்தம் நிற்கவில்லை. மாட்டுக்கு என்றால் தெரியும், எங்கே அழுத்த வேண்டும், எந்த ஊசி, எவ்வளவு, எல்லாம் தெரியும். மனுஷிக்கு ஒன்றும் தெரியாது. எப்சிபாள் துணியும் வெந்நீருமாக நின்று, ஏதாவது செய்யுங்களேன், ஏதாவது செய்யுங்களேன் என்கிறாள், டெபி இவர் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள், பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது, தளர்வதை இன்றைக்கும் முழங்கைக்குக் கீழே உணர முடியும், இதோ இப்போதும். மூடின வார்டுகளைத் திறப்பதற்கு இவர் நான்கு தரம் மசோதா கொண்டுவந்தார், நான்கும் தோற்றது. ஐந்தாவது இது. இனி ஒன்று கொண்டுவர உடம்பும் இல்லை, காலமும் இல்லை. எம் ஆரம்பித்தது. மெக் என்று தொடங்குகிற பெயர்கள் ஒரு பெரிய பட்டாளம், மெக் இன்னார், மெக் அன்னார், ஆம், இல்லை, ஆம். போன மாதமும் ஒருத்தி ரோட்டோரத்தில் செத்தாள். நாளைக்கு யாரோ. வால்ட்டுக்கோ எண்பத்திரண்டு வயசு, வாழ்ந்து முடித்த கட்டை, எப்படியும் மத்தியானம் தாண்டாது, அது பன்னிரண்டாக இருந்தால் என்ன, பதினொன்றரையாக இருந்தால் என்ன, இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? கர்த்தாவே, கொஞ்சம் சீக்கிரம்.

தமிழில்தான் சொன்னார். உதடு அசைந்தது. பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்து, "என்ன எப்?" என்றார். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினார். என்ன சொன்னேன்? சீக்கிரம் என்றேன். எது சீக்கிரம்? வாசிப்பு சீக்கிரம் முடியட்டும் என்று சொன்னேன். அவர் யாரிடம் அளக்கிறார், கேட்டுக்கொண்டிருக்கிறவருக்கு எல்லாம் தெரியுமே. சின்ன வயசில் கதீட்ரல் கோவிலில் முழங்கால் வலிக்க வலிக்கக் கேட்ட எதுவும் கிடைத்ததில்லை, சைக்கிள் கிடைத்ததில்லை, அப்பாவின் காசநோய் தீர்ந்ததில்லை, டெபிக்காக அந்த வண்டியில் சத்தம் போட்டுக் கேட்டதும் கிடைத்ததில்லை. கேட்காத காது அது. இன்றைக்கும் கேட்டிருக்காது. கேட்டிருக்காது, கேட்டிருக்காது. இல்லை கர்த்தாவே, நான் அப்படிச் சொல்லவில்லை, திரும்ப எடுத்துக்கொள்கிறேன், வால்ட் இருக்கட்டும், நூறு வயசு இருக்கட்டும். இதைச் சொல்லும்போதே கண் வாசலுக்குப் போனது. பிடித்து இழுத்தார். கட்டிப்போட்ட நாயாவது சொன்னால் கேட்கும், இந்தக் கண் கேட்கவில்லை, எம் முடிந்து என், ஓ, பி, மறுபடியும் வாசல், கேரன் இல்லை, கேரன் இல்லையென்றதும் நெஞ்சில் ஒரு ஏமாற்றம், அந்த ஏமாற்றத்தைக் கண்டு நடுக்கம். இந்த மனுஷனையா முப்பது வருஷம் நம்பி ஓட்டுப் போட்டார்கள்? இந்த மனுஷனையா வால்ட் டாக்டர் என்று கூப்பிட்டார்? ஆர் வந்தபோது ஒரு முடிவுக்கு வந்தார். இனி வாசலைப் பார்ப்பதில்லை. கேரன் வரட்டும், வராமல் போகட்டும், பார்க்கப்போவதில்லை. பார்த்து, அவள் அங்கே நின்றுவிட்டால், அந்தச் சாவை நான் எழுந்து வாங்கிக்கொண்டவன் ஆவேன். இழுப்பறைக்குள் இருந்த பெயர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எஸ், டி. ஒரு பெயரில் கடைசி எழுத்தைக் கீறி முடிக்காமல் விட்டிருந்தார்கள். டபிள்யூ. வாசல் பக்கம் யாரோ நடக்கிற மாதிரி இருந்தது. பார்க்கவில்லை.

"மிஸ்டர் யேசுவடியான்" என்றாள் கிளார்க், முப்பது வருஷமாக எந்தக் கிளார்க்குக்கும் அந்தப் பெயர் வாயில் சரியாக வந்ததில்லை. மேஜையை இரண்டு கையாலும் பிடித்து, முழங்கால் வலியோடு, கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தார். "செனட்டர் ஹேல்டேனோடு எனக்கு ஜோடி இருக்கிறது" என்றார். "அவர் இங்கே இருந்திருந்தால்..." அங்கே குரல் நின்றது, அடுத்த வார்த்தை வர நேரமாயிற்று, "இல்லை என்று போட்டிருப்பார். நான் போடக்கூடியவனாக இருந்தால் ஆம் என்று போட்டிருப்பேன். ஆகவே என் ஓட்டைப் போடவில்லை." உட்கார்ந்தார். எல்லாப் பக்கமும் குசுகுசுவென்று கிளம்பியது. மாடத்தில் ஹெய்டிக்கு ஒன்றும் புரியவில்லை, பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டாள், கேட்டுவிட்டு வாயில் கையை வைத்துக்கொண்டாள். க்ராஃப்ட் விறுவிறுவென்று வந்து குனிந்தார், முகமெல்லாம் சிவப்பு. "எப், என்ன காரியம் பண்ணினீங்க? சொந்த மசோதாவைச் சொந்தக் கையால கொன்னுட்டீங்களே! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" சொல்லியிருக்கலாம். ஆனால் ஆச்சரியம், அந்தத் திட்டுக்கு நடுவில் யேசுவடியானுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. தோற்றுவிட்டது. ஐந்தாவதும் தோற்றுவிட்டது. டெபி, மன்னித்துக்கொள். ஆனால் வால்ட்டின் முகத்தில் முழிக்கலாம், சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம், கையைப் பிடித்துக்கொண்டு உட்காரலாம், சீக்கிரம் என்று நான் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. க்ராஃப்ட் முடிவை அறிவிக்க விடாமல் கொஞ்ச நேரம் இழுத்துக்கொண்டிருந்தார், அது தலைவர்களுக்குள்ள சலுகை. அப்போதுதான் இவர் தோளில் ஒரு கை விழுந்தது. கேரன். குனிந்து காதருகில் சொன்னாள், "சார், நோரா கூப்பிட்டாங்க. செனட்டர் ஹேல்டேன் போயிட்டார்."

எப்போது என்று கேட்டார். கேட்டிருக்க வேண்டாம். "மெக் பேரெல்லாம் வாசிச்சிட்டிருந்தாங்க சார், அப்பத்தான் போன் வந்துச்சு. அந்த நிமிஷம்தான் மூச்சு நின்னுச்சாம், நோரா பேச முடியாம அழுதிட்டே இருந்தாங்க, அவங்களை ஆத்திட்டு உடனே ஓடி வந்தேன். வாசல்லயே நின்னேன், நீங்க திரும்பியே பார்க்கல." மெக். சீக்கிரம் என்று கேட்டதும் அந்த நேரம்தான். இன்னார், அன்னார், ஆம், இல்லை, ஆம். மேலே தலைமை நாற்காலியிலிருந்து, ஓட்டுப் போடவோ மாற்றவோ விரும்புகிற உறுப்பினர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்கிற வழக்கமான குரல் வந்தது, அது கடைசிக் கேள்வி, அதற்கப்புறம் முடிவு. போக வேண்டாம் என்று ஒரு மனசு சொன்னது. எழுந்து நின்றால் அதைச் சொல்ல வேண்டும், உன் வாயாலேயே சொல்ல வேண்டும், சொல்லும்போது குரலில் சந்தோஷம் வந்துவிட்டால் என்ன செய்வாய், அத்தனை பேரும் கேட்பார்களே. அதை முழுசாக நினைத்து முடிப்பதற்குள் அவர் நின்றுகொண்டிருந்தார். மேஜையைப் பிடிக்கவில்லை. முழங்கால் வலிக்கவில்லை. "தலைவர் அவர்களே, ஜோடி முடிந்துவிட்டது" என்றார், சாவு என்ற சொல் வாயில் வரவில்லை, "என் ஓட்டு, ஆம்." கணீரென்று வந்தது குரல். மாடத்தில் யாரோ ஓவென்று கத்தினார்கள், சுத்தியலால் தட்டி அடக்கினார்கள், க்ராஃப்ட் இவர் முதுகில் அடி அடியென்று அடித்தார், யார் யாரோ வந்து கையைக் குலுக்கினார்கள். எதிர்வரிசையில் வால்ட்டின் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் மட்டும் எழுந்திருக்கவில்லை, இவரைப் பார்த்தார், ஜோடி முடிந்தது என்பதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு மெல்ல மெல்ல விளங்கிக்கொண்டிருந்தது, விளங்கியதும் தலையைக் குனிந்துகொண்டார். மற்றவர்களுக்கு இன்னும் விளங்கவில்லை. யேசுவடியான் குலுக்குகிற கைகளுக்கு நடுவில் நழுவி, சுவரைத் தொட்டுத் தொட்டு, வெளியே வந்தார்.

வெளியே கேரன் போனை நீட்டினாள், "உங்க மிசஸ் சார், லைன்ல இருக்காங்க." வாங்கப் பயமாக இருந்தது, வாங்கினார். எப்சிபாள் அழுகையும் சிரிப்புமாக இருந்தாள், அந்தப் பக்கம் டிவி சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. "ஏயப்பா, ஜெயிச்சாச்சே! எனக்கு முதல்ல உசுரே போயிட்டு, போடலன்னு சொன்னியளா, என்ன மனுஷன் இவரு இப்படிப் பண்ணிட்டாரேன்னு அழுதுட்டேன். பொறவு எந்திரிச்சியளே, யாத்தே, எப்படி டக்குன்னு எந்திரிச்சிய! வீட்ல நாற்காலியிலருந்து எந்திரிக்க ரெண்டு ஆளு வேணும் உங்களுக்கு. கர்த்தர் கேட்டுட்டாரு பாத்தியளா? இத்தனை வருஷம் கழிச்சிக் கேட்டுட்டாரு." அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்து க்ராஃப்ட்டும் நாலைந்து பேரும் இவரைத் தேடிச் சிரித்துக்கொண்டே வந்துகொண்டிருந்தார்கள். "இருக்கியளா?" என்றாள் எப்சிபாள். "இருக்கேன்." "அந்த நல்ல மனுஷன் வால்ட் எப்படி இருக்காரு? காலையிலேயே கேக்கணும்னு நெனச்சேன், மறந்துட்டேன். அவருக்கும் ஜெபம் பண்ணுனியள்லா?" அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பண்ணுனேன்" என்றார்.